ஓய்வுபெறும் ஆண்டில் சந்தை சரிந்தால்: சராசரி லாபத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்குச் சந்தை ஆட்டம் காணும்போதெல்லாம் வணிகப் பக்கங்களில் தவறாமல் ஒரு ஆலோசனை வருகிறது: பதறாதீர்கள், நீண்ட காலத்தில் சந்தை மீண்டுவிடும், முதலீட்டைத் தொடருங்கள். முப்பது வயதுக்காரருக்கு இது நல்ல யோசனைதான். அடுத்த ஆண்டு வேலையிலிருந்து ஓய்வுபெறப் போகிறவருக்கும் இதையே சொல்வது தவறு. இருவரின் கணக்கும் நேர் எதிரானது.

ஐந்து ஆண்டுகளில் சந்தை முறையே 20 சதவீதம் இறங்கி, 10 இறங்கி, 10 ஏறி, 20 ஏறி, 30 ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 போட்டுவிட்டுத் தொடாமல் இருந்தால் முடிவில் 123.6 இருக்கும். இதே ஆண்டுகளைத் தலைகீழாக அடுக்கி, ஏற்றம் முதலிலும் இறக்கம் கடைசியிலும் வந்தாலும் அதே 123.6தான். பணம் எடுக்காதவருக்கு எந்த ஆண்டு முன்னால் வந்தாலும் ஒன்றுதான்.

ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் செலவுக்கு 6 எடுப்பவரின் கதை வேறு. ஏற்றம் முதலில் வந்தால் ஐந்தாம் ஆண்டு முடிவில் அவர் கையில் 96.6 இருக்கும். இறக்கம் முதலில் வந்தால் 79.4 மட்டுமே. இரண்டிலும் எடுத்தது 30, சராசரி லாபமும் ஒன்றே. ஆனாலும் 17க்கு மேல் வித்தியாசம். இறங்கிக் கிடக்கும் விலையில் விற்றுச் சாப்பிட்ட யூனிட்டுகள் (ஃபண்டில் நம் பங்கைக் குறிக்கும் அலகுகள்), சந்தை ஏறும்போது கணக்கில் இல்லை. அதுதான் காரணம்.

இப்போது சேமிப்பவரைப் பாருங்கள். ஆண்டுக்கு 10 வீதம் ஐந்து ஆண்டுகளில் 50 போடுகிறார். ஏற்றம் முதலில், இறக்கம் கடைசியில் என்றால் அவருக்கு மிஞ்சுவது 45. இறக்கம் முதலில் வந்தால் 73.6. சம்பாதிக்கும் காலத்தில் வரும் சரிவு அவருக்கு லாபம். அந்த நேரத்தில் மாத முதலீட்டுத் தவணையை நிறுத்துகிறவர், மலிவாக வாங்கும் ஆண்டுகளைத்தான் விட்டுவிடுகிறார்.

ஆக, 'இந்த நிலையற்ற காலத்தில் எதில் போடலாம்' என்று கேட்பதற்கு முன், 'இந்தப் பணம் எந்த ஆண்டில் செலவாகப் போகிறது' என்று கேட்க வேண்டும். சந்தை மீண்டுவிடும் என்கிறவர்கள் எப்போது என்று சொல்வதில்லை. 2020 பிப்ரவரி, மார்ச்சில் ஐந்து வாரங்களுக்குள் மூன்றில் ஒரு பங்கு விழுந்த அமெரிக்கச் சந்தை ஆகஸ்டிலேயே பழைய உச்சத்தைத் தொட்டது. அதே அமெரிக்காவில் 1929 செப்டம்பரில் தொட்ட உச்சத்தை டவ் ஜோன்ஸ் குறியீடு மறுபடி எட்டியது 1954 நவம்பரில். ஜப்பானின் நிக்கேய் பங்குக் குறியீடு 1989 டிசம்பரில் 38,915 புள்ளிகளில் முடிந்தது. அதைத் தாண்ட 2024 பிப்ரவரி வரை ஆனது. ஈவுத்தொகையை, அதாவது நிறுவனங்கள் பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் லாபத்தை, சேர்த்தால் இந்தக் காத்திருப்பு குறையும், உண்மைதான். ஆனாலும் 60 வயதில் 34 ஆண்டுகள் காத்திருங்கள் என்று யாரிடம் சொல்வது?

இதற்கு நடைமுறையில் செய்யக்கூடியது, ஓய்வுபெறும் நாளில் ஐந்தாண்டுச் செலவுக்கான பணம் சந்தைக்கு வெளியே இருப்பது. கேட்க எளிது, பலர் தவறுவது கணக்கில்தான்.

முதலில் செலவு. மாதச் செலவை 12ஆல் பெருக்கினால் ஆண்டுச் செலவு வராது. இன்சூரன்ஸ் பிரீமியம், வீட்டு வரி, வண்டிப் பழுது, பல் வைத்தியம் எல்லாம் மாதக் கணக்கில் தெரியாதவை. கடந்த 12 மாத வங்கி அறிக்கையை எடுத்து, வெளியே போன மொத்தத் தொகையைக் கூட்டுங்கள். அதில் சேமிப்புக்குப் போனதையும், ஓய்வுக்கு முன் முடிந்துவிடும் கடன் தவணைகளையும் கழியுங்கள். கிரெடிட் கார்டுக்குக் கட்டியதை ஒருமுறை மட்டுமே சேர்க்கவும். கார்டு அறிக்கையையும் தனியாகக் கூட்டி இரட்டிப்பாக்கிக்கொள்பவர்கள் உண்டு. இதுவரை மருத்துவக் காப்பீட்டை நிறுவனம் கட்டிவந்திருந்தால், இனி அதைத் தாங்களே கட்ட வேண்டிய தொகையைச் சேர்க்கவும்.

அடுத்து, சந்தை எப்படிப் போனாலும் வரும் வருமானம்: பென்ஷன், ஆண்டுத்தொகைத் திட்டம், வாடகை. வாடகையில் ஆண்டுக்கு ஒரு மாதம் வீடு காலியாக இருக்கும் என்று கழித்துக்கொள்வது நல்லது. செலவு மாதம் 100, நிச்சய வருமானம் 40 என்றால் துண்டு விழுவது 60, ஆண்டுக்கு 720. இந்த 720தான் திட்டத்தின் அடிப்படை. சம்பளத்தில் இத்தனை சதவீதம், 100இலிருந்து வயதைக் கழித்தால் வரும் சதவீதம் என்றெல்லாம் சொல்லும் வாய்ப்பாடுகள் இந்த எண்ணைத் தெரியாமலே பேசுகின்றன.

முதல் 720 சேமிப்புக் கணக்கிலோ, உடனே எடுக்கக்கூடிய லிக்விட் ஃபண்டிலோ இருக்கட்டும். அடுத்து நான்கு வைப்புத்தொகைகள், ஒவ்வொன்றும் 720; 12, 24, 36, 48 மாதங்களில் முதிர்வதுபோல். விலைவாசி உயர்வை வட்டி ஏறக்குறைய ஈடுகட்டும். மீதிப் பணம் பங்கு சார்ந்த முதலீட்டில் இருக்கலாம். ஓராண்டு முடிந்ததும் முதிர்ந்த வைப்பு செலவுக் கணக்குக்கு வரும். அந்த ஆண்டில் பங்கு முதலீடு ஏறியிருந்தால், ஓராண்டுச் செலவுக்கானதை விற்றுப் புதிய 48 மாத வைப்பாகப் போட வேண்டும். இறங்கியிருந்தால் விற்கக் கூடாது. வரிசையில் ஒன்று குறைந்ததாகவே இருக்கட்டும். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து சரிந்தாலும் ஒரு யூனிட்டைக்கூட விற்க வேண்டியிராது. ஜப்பான் போன்ற நீண்ட மந்தத்துக்கு இது போதாது. அதற்கு, ஒரே நாட்டுச் சந்தையில் முழுப் பணத்தையும் வைக்காமல் இருப்பதும், அடிப்படைச் செலவை நிச்சய வருமானத்தால் மூடுவதும்தான் வழி.

இந்த ஏற்பாடு கெடுவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில். நான்கு வைப்புகளையும் ஒரே நாளில் ஒரே காலத்துக்குப் போட்டுவிடுவார்கள். நடுவில் பணம் தேவைப்பட்டால் பெரிய வைப்பை முறித்து வட்டியை இழக்க நேரும். 'முதிர்ந்ததும் தானாகப் புதுப்பிக்கவும்' என்ற கட்டத்தில் டிக் இருந்தால், செலவுக்கு வேண்டிய பணம் இன்னும் சில ஆண்டுகளுக்குப் பூட்டப்பட்டுவிடும். இன்னொரு கோளாறு ஆசையால் வருவது. சந்தை நன்றாக ஏறிய ஆண்டில் 'இன்னும் கொஞ்சம் ஏறட்டும்' என்று விற்காமல் தள்ளிப்போடுவார்கள். அதனால் ஆண்டில் ஒரு தேதியைக் குறித்துவைத்து, அன்று மட்டும் பார்ப்பது நல்லது. தினமும் பார்த்தால் கை நிற்காது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, இந்த ஐந்தாண்டுப் பணத்தைச் சரிவு வந்த பிறகு சேர்க்க முடியாது என்பது. 60இல் ஓய்வு என்றால் 55இலிருந்து ஆண்டுக்கு ஒரு பங்காக ஒதுக்கிக்கொண்டே வர வேண்டும்.

கடன் பத்திர ஃபண்டு (அரசும் நிறுவனங்களும் கடன் வாங்க வெளியிடும் பத்திரங்களில் பணம் போடுவது) என்றாலே பாதுகாப்பானது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. வட்டி விகிதம் ஏறினால் பழைய பத்திரங்களின் விலை இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதை ஃபண்டின் 'டியூரேஷன்' எண் சொல்லும். அது 8 என்றால், வட்டி 1 சதவீதப் புள்ளி ஏறும்போது விலை சுமார் 8 சதவீதம் விழும். 2022இல் அமெரிக்காவில் இதுதான் நடந்தது. பெரிய நிறுவனப் பங்குகளைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீடு ஈவுத்தொகை சேர்த்தும் 18 சதவீதம் இறங்கியது. அதே ஆண்டில் பொதுவான கடன் பத்திரக் குறியீடும் 13 சதவீதம் போலச் சரிந்தது. பங்கு விழுந்தால் பத்திரம் தாங்கும் என்று நம்பியிருந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் அடி. ஆகவே செலவுக்கான பணத்தைப் போடும் ஃபண்டில் டியூரேஷன், பணம் தேவைப்படும் ஆண்டுகளைவிடக் குறைவாக இருக்கிறதா என்று ஃபண்டின் மாத அறிக்கையில் பார்த்துவிடுங்கள்.

பயந்துபோய் முழுவதையும் வைப்புத்தொகையில் போடுவதும் தீர்வல்ல. 7 சதவீத வட்டி, அதற்கு 20 சதவீத வரி என்றால் கையில் நிற்பது 5.6. விலைவாசி 6 சதவீதம் ஏறினால் பணத்தின் வாங்கும் சக்தி ஆண்டுதோறும் தேய்கிறது. 6 சதவீதத்தில் விலைகள் 12 ஆண்டுகளில் இரட்டிப்பாகும். 60இல் 100 ஆன செலவு 72இல் 200, 84இல் 400. இந்த நஷ்டம் எந்த அறிக்கையிலும் சிவப்பில் வராது என்பதால்தான் யாரும் பதறுவதில்லை.

ஆண்டுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு '4 சதவீத விதி' என்று ஒன்று அடிக்கடி சொல்லப்படுகிறது. அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. முதல் ஆண்டில் மொத்த நிதியில் 4 சதவீதம் எடுத்து, பிறகு அந்தத் தொகையை விலைவாசிக்கு ஏற்ப மட்டும் கூட்டிக்கொண்டே போவது. 30 ஆண்டுகளுக்குப் பணம் தாங்குமா என்பதே அவர் பார்த்தது. ஆண்டுதோறும் மீதியில் 4 சதவீதம் என்று பலர் புரிந்துகொள்வது வேறு கணக்கு. அவர் எடுத்துக்கொண்டது அமெரிக்கத் தரவு மட்டுமே, அதுவும் பாதிக்குக் குறையாமல் பங்கில் வைத்து. 50 வயதிலேயே வேலையை விடுகிறவர், ஃபண்டுக் கட்டணம் அதிகம் கொடுப்பவர், விலைவாசி வேகமாக ஏறும் நாட்டில் வாழ்பவர் ஆகியோர் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. என் பார்வையில் சதவீதத்தைவிட வளைந்துகொடுப்பதே முக்கியம். மேலே சொன்ன மோசமான வரிசையில், முதல் இரண்டு சரிவு ஆண்டுகளில் மட்டும் 6க்குப் பதில் 4 எடுத்தால், ஐந்தாம் ஆண்டு முடிவில் 79.4க்குப் பதில் 85 இருக்கும். குறைத்தது மொத்தம் 4, மிஞ்சியது 5.6. ஐந்தாண்டுப் பணத்தைச் சேர்க்காமலே சரிவில் ஓய்வுபெற்றவர்களுக்கு இதுவே முதல் மருந்து. ஓராண்டு பகுதிநேர வேலை கிடைத்தாலும் அதே பலன்தான்.

இளையவர்களுக்குச் சொல்ல வேண்டியது குறைவு. வேலை போகலாம் என்ற பயம் இருந்தால், கிரெடிட் கார்டுக் கடனை முதலில் அடைத்துவிடுங்கள். எந்த முதலீடும் அந்த வட்டியை நிச்சயமாக ஈட்டித் தராது. ஆறு மாதச் செலவைத் தனியே வையுங்கள். வீட்டில் ஒருவர் மட்டுமே சம்பாதித்தால் பத்து மாதம். வேலை மாறும்போது ஓய்வூதியக் கணக்கை உடைத்துப் பணமாக்காதீர்கள். 30 வயதில் எடுக்கும் 100, ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்ந்திருந்தால் 60இல் 1,000ஐத் தாண்டியிருக்கும். கட்டணத்தையும் பாருங்கள். 8 சதவீத வளர்ச்சியில் அரை சதவீதக் கட்டணம் போனால் 30 ஆண்டுகளில் 100 என்பது 875 ஆகும். ஒன்றரை சதவீதம் போனால் 661. கிட்டத்தட்டக் கால்வாசி போய்விடுகிறது.

வேலை பார்க்கும் நிறுவனத்தின் பங்கிலேயே ஓய்வுக்கால நிதியையும் வைத்திருப்பவர்கள் 2001இல் திவாலான அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானை நினைத்துக்கொள்ளட்டும். அதன் ஊழியர்களின் ஓய்வூதியக் கணக்குகளில் இருந்த பணத்தில் பாதிக்கும் மேல் அந்த நிறுவனத்தின் பங்காகவே இருந்தது. வேலையும் சேமிப்பும் ஒரே சமயத்தில் போயின.

கடைசியாகத் தங்களுக்கு ஒரு வேண்டுகோள். வைப்புத்தொகை வட்டி விகிதங்களை அட்டவணையாக வெளியிடும்போது, பக்கத்திலேயே அந்த மாதப் பணவீக்க விகிதத்தையும், வரி போக மிஞ்சும் வட்டியையும் இரண்டு பத்திகளாகச் சேர்த்து அச்சிட்டால் வாசகர்களுக்கு உதவியாக இருக்கும். ஃபண்டுகளின் பட்டியலில் ஓராண்டு லாபத்துக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியைக் கட்டணத்துக்கும் டியூரேஷனுக்கும் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுக்கால நிதித் திட்டமிடல் துறையிலுள்ள வாசகர்