அரசா, தனியாரா என்பதற்கு முன் ஒரு கேள்வி

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தைப் பராமரிப்பு வேலைக்கு வர நினைப்பவர்கள் அரசுக் காப்பகத்தில் சேரலாமா, தனியாரில் சேரலாமா என்று உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். சம்பளம், ஓய்வூதியம், விடுப்பு எல்லாம் சரியாகவே சொல்லியிருந்தீர்கள். குழந்தையைப் பற்றித்தான் ஒரு வரிகூட இல்லை. தனியாரில் 9 வருடம், அரசில் 14 வருடம் வேலை பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

தொழிலை நான் கற்றுக்கொண்டது தனியாரில்தான். ஆளுக்கு 4 கைக்குழந்தைகள். கடிக்கிற குழந்தையை அதட்டாமல் எப்படி விலக்குவது, அழுகிற அம்மாவை வாசலில் எப்படி வழியனுப்புவது என்றெல்லாம் மூத்தவர் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லித் தந்தார். அந்த நிதானம் அரசில் எனக்குக் கிடைத்திருக்காது. ஆனால் இரண்டரை வயதுப் பிள்ளைக்கு எழுத்து வந்துவிட்டதா என்று பெற்றோர் கேட்பார்கள். நிர்வாகமும் அதற்குத் தலையாட்டும். அது எனக்குக் கடைசிவரை ஒப்பவில்லை.

அங்கே ஒன்றேகால் வயதுக் குழந்தை ஒன்று இருந்தது. மதியம் தூங்க என் சுண்டுவிரல் வேண்டும் அதற்கு. வேறு யார் விரலை நீட்டினாலும் தட்டிவிட்டு எழுந்து உட்கார்ந்துகொள்ளும். சேர்க்கை குறைந்துவிட்டது என்று ஒரு வெள்ளிக்கிழமை மாலை எங்களில் 3 பேரை நிறுத்திவிட்டார்கள். திங்கட்கிழமை முழுக்க அந்தக் குழந்தை கதவையே பார்த்துக்கொண்டிருந்தது என்று உடன் வேலை பார்த்தவர் போனில் சொன்னார். வேலை போனதை மறந்துவிட்டேன். இதை மறக்க முடியவில்லை.

அப்புறம் அரசு வேலை கிடைத்தது. பணம் கட்ட முடியாது என்பதற்காக எந்தக் குழந்தையையும் நாங்கள் திருப்பி அனுப்பியதில்லை. காது கேளாத குழந்தையும் நடக்க முடியாத குழந்தையும் மற்றவர்களோடு ஒரே பாயில் விளையாடுவதை அங்கேதான் பார்த்தேன். பதிவேடுகள்தான் உயிரை எடுக்கும். வருகை, எடை, உயரம், தடுப்பூசி என்று எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 14 வருடத்தில் 3 முறை என்னைப் பணிமாறுதல் செய்தார்கள், அதில் 2 முறை வருட நடுவில். தனியாரில் அந்த வெள்ளிக்கிழமை நடந்ததுதான் இங்கேயும் நடந்தது. என்ன, எனக்குச் சம்பளம் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

நல்லது இரண்டு பக்கமும் பிறந்திருக்கிறது. இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியது ஒரு தனியார் கட்டட நிறுவனத்தின் குடியிருப்பில். பெற்றோர் வேலைக்குப் போனதும் தனியாக விடப்பட்ட பிள்ளைகள் சுவரைப் பாழாக்குகிறார்கள் என்ற கவலையில் அவர்கள் கொடுத்த இடம் அது. ஹங்கேரியின் புடாபெஸ்டில் 1946இல் குழந்தை மருத்துவர் எம்மி பிக்லர் தொடங்கி நடத்திய குழந்தைகள் இல்லமோ அரசு ஆதரவில் இயங்கியது. பெற்றோர் இல்லாத சிசுக்களை அங்கே கை மாற்றிக்கொண்டே இருக்க மாட்டார்கள். குறிப்பிட்ட சிலர்தான் ஒரு குழந்தையைத் தொடர்ந்து பார்த்துக்கொள்வார்கள். துணி மாற்றும் நேரத்தைக்கூட அவசரமில்லாமல், குழந்தையோடு பேசுகிற நேரமாக வைத்திருந்தார்கள். நான் டயப்பர் மாற்றும்போது "இப்போ காலைத் தூக்கப் போறேன், சரியா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பேன். 8 மாதக் குழந்தைகூடச் சில வாரங்களில் தானே காலைத் தூக்கிக் கொடுக்கும். பழகின கைக்குத்தான் கொடுக்கும்.

அதனால் நேர்முகத்துக்குப் போகிறவர்கள் சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்: "என்னிடம் ஒப்படைக்கும் குழந்தையோடு நான் எத்தனை மாதம் இருப்பேன்?" நேராகப் பதில் வராவிட்டால், காலையில் குழந்தைகளை விட்டுப் போகும் நேரத்தில் அங்கே அரை மணி நேரம் நில்லுங்கள். யாரிடம் தாவுகின்றன, யாரைப் பார்த்து முகம் திருப்புகின்றன என்று தெரிந்துவிடும்.

என்னைக் கேட்டால், முதல் 2 வருடம் குழந்தைகளைப் பார்க்கப் போதிய ஆட்கள் உள்ள ஒரு சின்னத் தனியார் காப்பகத்தில் கை பழகிவிட்டு, அரசு வேலை கிடைத்தால் போய்விடுங்கள் என்பேன். சேர்க்கை குறைந்தது என்று அங்கே ஒரே மாலையில் வெளியே அனுப்புவதை நான் பார்த்ததில்லை.

அதிகாரிகளிடமும் ஒரு வேண்டுகோள். 3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளைப் பார்ப்பவர்களை வருட நடுவில் மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால், புதிதாக வருபவரோடு 2 வாரமாவது சேர்ந்து இருக்க விடுங்கள்.

இப்படிக்கு,
23 வருடக் காப்பகப் பணியாளர்