பை டவுன் போய் வந்த பிறகு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகள் தேவிக்குக் கடையில் உட்கார ஆசை, ஆனால் நம் ஊட்டி வர்க்கி பிஸ்கட்டோடு புதிதாக என்னென்னவோ போட வேண்டும் என்கிறாள், அப்பா காலத்துப் பேக்கரி அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்று பயப்படுகிறாய். படித்ததும் அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் இருக்கும் பை டவுன்தான் நினைவுக்கு வந்தது. சமீபத்தில்தான் போய் வந்தோம்.

ஆல்புகர்க்கியிலிருந்து காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். சொக்கோரோவில் திரும்பி, 60-ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே போக வேண்டும். சான் அகஸ்டின் சமவெளியில் ரேடியோ தொலைநோக்கிகள் வரிசையாக வானத்தைப் பார்த்து நிற்கும். அதைத் தாண்டினால் வழியில் வீடுகளே அபூர்வம். அப்புறம் பை டவுன். ஆப்பிள் பை, அதாவது மாவு ஓட்டுக்குள் ஆப்பிள் வைத்துச் சுடும் பண்டம், அதை விற்றே பெயர் வாங்கிய ஊர்.

1920களில் கிளைட் நார்மன் என்பவர் இங்கே ஒரு சின்னக் கடை வைத்து, உலர்ந்த ஆப்பிளில் பை செய்து விற்றிருக்கிறார். மாடு மேய்ப்பவர்களும் வழிப்போக்கர்களும் தேடி வந்து வாங்கினார்கள். ஊருக்குத் தபால் நிலையம் கேட்டபோது, வேறு நல்ல பெயராக வைக்கச் சொன்னார்களாம். ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 1930களில் டெக்சாஸ், ஒக்லஹோமா பக்கம் பிழைப்பு போன குடும்பங்கள் இங்கே வந்து மானாவாரியாகப் பீன்ஸ் பயிரிட்டன. 1940-இல் ரசல் லீ என்ற புகைப்படக்காரர் அந்தக் குடும்பங்களை எடுத்த படங்களைத் தேடிப் பார். பிறகு மழை பொய்த்தது, ஜனங்கள் போய்விட்டார்கள். ஒரு காலத்தில் பை டவுனில் பையே கிடைக்கவில்லை. 1990களின் நடுவில் அந்த வழியாக வந்த ஒரு அம்மாவும் மகளும் மூடிக் கிடந்த கடையை எடுத்து நடத்தினார்கள். முதலில் அம்மாதான் பை செய்தார். பிறகு மகளே கற்றுக்கொண்டு அடுப்பைப் பிடித்தார். எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது.

அந்த ஊர் 7,700 அடிக்கும் மேலே இருக்கிறது, நம் ஊட்டியைவிடக் கொஞ்சம் உயரம். தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும், பழம் வேக நேரமாகும். காற்றும் வறண்டது, மாவு சீக்கிரம் காய்ந்துபோகும், தண்ணீர் கூடுதலாகப் பிடிக்கும். உனக்கு இதில் பாதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே நான் சாப்பிட்டது ஆப்பிளோடு பச்சை மிளகாயும் பைன் கொட்டையும் போட்ட பை. இரண்டும் நியூ மெக்சிகோ மண்ணில் விளைவது. இனிப்பு முதலில் வரும், காரம் பின்னால் மெதுவாக ஏறும். கிளைட் நார்மன் இதைக் கண்டிருக்கமாட்டார். ஆனாலும் அது அந்த ஊர்ப் பைதான், சந்தேகமே இல்லை.

அதனால் தேவியைத் தடுக்காதே. வர்க்கி மாவிலும் விறகடுப்பிலும் அவள் கை வைக்க வேண்டாம், அது சரி. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் அது. ஆனால் சீசனில் குன்னூர் பேரிக்காயும் பிளம்ஸும் குவிந்து கிடக்கிறதே, அவற்றை வைத்து அவள் ஏதாவது செய்யட்டும். முதலில் வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு தட்டு. விற்றால் அடுத்த வாரம் இரண்டு.

மிளகாய் பை செய்யும் விதத்தைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். நம் ஊர் மிளகாய்க்கு அளவைப் பாதியாகக் குறைக்கச் சொல். எப்படி வந்தது என்று அவளையே எனக்கு எழுதச் சொல்.

அன்புடன்,
ரவி