மேசைக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. வேலை அதிகம் என்று பொய் சொல்ல மாட்டேன், சோம்பல்தான். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீட்டில் எல்லாரையும் அதட்டுகிறார் என்று நீ எழுதியதைப் படித்து நானும் மனைவியும் விழுந்து விழுந்து சிரித்தோம். இங்கே பெரியவள் சைக்கிள் பழகுகிறாள். சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவது என் வேலை. அவள் விழுந்தால் எழுந்துவிடுகிறாள். எனக்குத்தான் மறுநாள் காலையில் முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது.

சரி, நீ கேட்ட விஷயம், சாஃப்ட்வேர் வேலைக்கு ஆளெடுக்கும் இன்டர்வியூ. "இத்தனை வருஷம் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தே பழகிவிட்டேன். அடுத்த மாதத்திலிருந்து அந்தப் பக்கம் உட்காரச் சொல்கிறார்கள். முக்கால் மணி நேரத்தில் ஒருத்தர் தேறுவாரா மாட்டாரா என்று எப்படிடா சொல்வது?" என்று எழுதியிருந்தாய். நான் ஏழெட்டு வருஷமாக அந்தப் பக்கம் உட்காருகிறேன். நூற்றுச் சொச்சம் பேரைப் பார்த்திருப்பேன். இன்றைக்கும் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியாது. ஆனால் எங்கெல்லாம் ஏமாந்தேன் என்று கேட்டால் கதை கதையாகச் சொல்வேன்.

நம் முதல் இன்டர்வியூ ஞாபகம் இருக்கிறதா? "சாக்கடை மூடி ஏன் வட்டமா இருக்கு?" என்று இரண்டு பேரிடமும் கேட்டார்கள். நான் விட்டம், கோணம், எந்தப் பக்கம் திருப்பினாலும் உள்ளே விழாது என்றெல்லாம் விளக்கினேன். நீ "ஓட்டை வட்டமா இருக்கு சார், அதான்" என்றாய். உன்னை எடுத்தார்கள், என்னை அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு 2013இல் கூகுளின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் ஒரு பேட்டியில், இந்த மாதிரிப் புதிர்க் கேள்விகள் எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை, கேட்பவர் தன்னைக் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொள்ளத்தான் உதவுகின்றன என்று ஒத்துக்கொண்டார். படித்தபோது உன்னைத்தான் நினைத்தேன். உன்னை எடுத்தது தப்பு என்று சொல்லவில்லை, எடுத்த காரணம் தப்பு.

ரெஸ்யூமேயில் வருஷக் கணக்கைப் பார்த்து மயங்காதே. 1998இல் ஷ்மிட், ஹன்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 85 வருஷ ஆய்வுகளைத் தொகுத்து, ஆளெடுக்கும்போது நாம் பார்க்கிற எந்த விஷயம் பிற்பாடு வேலைத் திறனோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்கிட்டார்கள். சுழியம் என்றால் தொடர்பே இல்லை, ஒன்று என்றால் முழுத் தொடர்பு. அனுபவ வருஷங்களுக்குக் கிடைத்தது 0.18. எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, எது நல்ல பதில் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவைத்த நேர்காணலுக்கு 0.51. மனம்போன போக்கில் பேசும் நேர்காணலுக்கு 0.38. 2022இல் வேறு ஆய்வாளர்கள் கணக்கைத் திருத்திப் போட்டபோது எண்கள் பலவும் இறங்கின. ஆனாலும் அந்த ஒழுங்கான நேர்காணல் 0.42 வாங்கி முதலிடத்துக்கு வந்தது. நான் ஐந்து வருஷம் மனம்போன போக்கில்தான் பேசிக்கொண்டிருந்தேன். அதற்குப் பெயர் 'உள்ளுணர்வு' என்று வேறு சொல்லிக்கொண்டேன்.

அந்தக் காலத்துக் கதை ஒன்றைச் சொல்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது நான் விரும்பிக் கேட்ட கேள்வி பைனரி சர்ச். வரிசைப்படுத்திய பட்டியலில் ஓர் எண்ணைத் தேட வேண்டும். நடுவில் பார், தேடுவது அதைவிடப் பெரிதா சிறிதா என்று பார், பாதியைத் தள்ளு, மீதியில் மறுபடி நடுவைப் பார். இருபது நிமிஷம், ஒயிட்போர்டில். மூன்று வருஷ அனுபவத்தோடு ஒரு பெண் வந்தார். பதற்றத்தில் மார்க்கரை மூடியோடு பலகையில் வைத்து எழுதப் பார்த்தார், பிறகு மூடியைக் கழற்றினார். நடு இடத்துக்கு எல்லாரும் முதல் இடத்தின் வரிசை எண்ணையும் கடைசி இடத்தின் வரிசை எண்ணையும் கூட்டி இரண்டால் வகுப்பார்கள். அவர் கடைசியிலிருந்து முதலைக் கழித்து, இரண்டால் வகுத்து, அதை முதலோடு கூட்டினார்.

"ஏன் இப்படிச் சுத்தி வளைக்கிறீங்க?" என்றேன்.

"இது சேஃப் சார். ரொம்பப் பெரிய எண்ணா இருந்தா..."

"நம்ம பட்டியல்ல பத்து எண்தான் இருக்கு" என்று வெட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் அதிகம் பேசவில்லை. நான் தாளில், 'எளிய விஷயத்தைச் சிக்கலாக்குகிறார்' என்று எழுதினேன்.

ஒரு வருஷம் கழித்துத்தான் ஜோஷுவா பிளாக் 2006இல் எழுதிய குறிப்பைப் படித்தேன். ஜாவா என்ற நிரல் மொழியோடு வரும் நூலகத்தில் பைனரி சர்ச் எழுதியவர் அவர். முதலையும் கடைசியையும் கூட்டும்போது 2,147,483,647ஐத் தாண்டினால் 32 பிட் எண்ணில் அது அடங்காது, மைனஸ் எண்ணாகப் புரண்டுவிடும், நிரல் விழும். அதற்குப் பட்டியலில் 107 கோடிக்கு மேல் எண்கள் இருக்க வேண்டும் என்பதால் ஒன்பது வருஷம் போல யார் கண்ணிலும் படாமல் அந்தப் பிழை ஜாவாவுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. அந்தப் பெண் எழுதிய வடிவம்தான் அதற்கு மருந்து! இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். பைனரி சர்ச் முதலில் அச்சில் வந்தது 1946இல், எல்லா அளவுப் பட்டியலுக்கும் பிழையில்லாமல் வந்தது 1960இல் என்று கணினி அறிஞர் டொனால்ட் கனூத் எழுதியிருக்கிறார். பதினான்கு வருஷம். நான் இருபது நிமிஷம் கொடுத்தேன்.

அவர் பெயர் இப்போது ஞாபகமில்லை. அந்த மார்க்கர் மூடி ஞாபகமிருக்கிறது.

பலகை முன்னால் நிறுத்துவதே வம்பு என்பதற்கு வேறு சான்றும் உண்டு. 2020இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 48 மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பகுதியினர் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கப் பலகையில் எழுதினார்கள், மற்றவர்கள் தனி அறையில் எழுதினார்கள். பார்வைக்குக் கீழே எழுதியவர்களின் தேர்ச்சி பாதியாகிவிட்டது. அதில் பெண்கள் ஒருவர்கூடத் தேறவில்லை, தனி அறையில் எழுதிய பெண்கள் அத்தனை பேரும் தேறினார்கள். சின்ன ஆய்வுதான். எனக்கு அது போதும்.

அதற்காகக் கோடே, அதாவது நிரலே, எழுதச் சொல்லாமல் விட்டுவிடாதே. பேச்சில் வெளுத்து வாங்குகிறவர்களில் சிலருக்கு ஒரு லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் நாலு வரி, எழுத வராது. 2007 வாக்கில் பரவிய ஃபிஸ்பஸ் கணக்கு, அதுதான் மூன்றின் மடங்குக்கு ஒரு சொல், ஐந்தின் மடங்குக்கு வேறொரு சொல் அச்சிடுவது, அந்த அளவு போதும். கணினியில், தனியாக, பத்து நிமிஷம். நீ காபி எடுத்துக்கொண்டு வா.

இப்போது நான் பெரும்பாலும் எழுதச் சொல்வதில்லை, படிக்கச் சொல்கிறேன். நம் வேலையில் முக்கால்வாசி நேரம் அதைத்தானே செய்கிறோம்? நூற்றைம்பது வரிக் கோட். பணம் செலுத்தக் கோரிக்கை அனுப்பும். ஐந்து விநாடியில் பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும். ஏற்கெனவே வாடிக்கையாளர்கள் நிஜமாகப் பயன்படுத்தும் புரொடக்‌ஷனில் எங்களைத் தூங்கவிடாமல் செய்த கோட்தான், சுருக்கி வைத்திருக்கிறேன். "இதை உங்க கையில கொடுத்துட்டு ஒருத்தர் வேலையை விட்டுப் போயிட்டார். படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க." சிலர் உடனே மாறிகளின் பெயர் சரியில்லை என்று ஆரம்பிப்பார்கள். சிலர் வேறு மொழியில் எழுதியிருக்கலாம் என்பார்கள். எப்போதாவது ஒருவர் நடுவில் நிறுத்தி, "முதல் கோரிக்கை போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில தொலைஞ்சிருந்தா? ரெண்டு தடவை பணம் போயிடுமே" என்பார். அந்த நிமிஷத்துக்காகத்தான் இந்த வேலையை இன்னும் விடாமல் செய்கிறேன்.

ஏஐ உதவியை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். வீடியோவில் கண் பக்கத்துத் திரைக்குப் போகிறதா என்று போலீஸ் வேலை பார்த்துக்கொண்டிருக்காதே. நான் வெளிப்படையாகவே அனுமதிக்கிறேன். அது ஐந்தாறு குறை சொல்லும். "இதுல எதை முதல்ல சரி செய்வீங்க? எது தேவையில்லாத குறை?" என்று கேட்பேன். வேலையில் நாளைக்கு அதைத்தானே செய்யப்போகிறார்.

இரண்டாவது கேள்வி, "உங்களால் உடைந்த ஒன்றைச் சொல்லுங்கள்." இதை இப்போது எல்லாரும் கேட்கிறார்கள், எல்லாரும் ஒரு பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். விஷயம் அடுத்த கேள்வியில் இருக்கிறது. "உங்க முதல் யூகம் என்ன?" ராத்திரி உட்கார்ந்து நிஜமாகவே தேடியவருக்குத் தப்பாகப் போன வழி மறக்காது. டேட்டாபேஸ் என்று நினைத்து இரண்டு மணி நேரம் வீணடித்தேன், கடைசியில் பார்த்தால் சர்வர் கடிகாரம் என்று எரிச்சலோடு சொல்வார். பக்கத்து மேசையிலிருந்து கதை கேட்டவருக்கு விடை மட்டும்தான் தெரிந்திருக்கும். நேராக விடைக்குப் போய்விடுவார், அதுவும் அழகாக.

இதில் ஒரு பொறி இருக்கிறது, ஜாக்கிரதை. ஆங்கிலத்தில் 'வீ' (we) போட்டுப் பேசினால் வேலை செய்யாதவர் என்று முத்திரை குத்துகிற வழக்கம் உண்டு. நானும் குத்தியிருக்கிறேன். நாம் தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் பேசுகிறவர்கள். 'நான் செய்தேன்' என்று சொல்ல நமக்கு வாய் கூசும். தமிழில் 'நாம்', 'நாங்கள்' என்று தனித்தனியே இருப்பதெல்லாம் அந்த 'வீ'க்குள் போய்க் கரைந்துவிடுகிறது. அதனால் இரண்டு தடவை கேள். "டீம்ல அன்னைக்கு யார் யார் இருந்தாங்க? உங்க திரையில என்ன ஓடிட்டிருந்தது?" அடக்கத்தில் ஒளிந்திருந்தவர் அப்போது வெளியே வருவார். நிஜமாகவே சும்மா இருந்தவர் மீட்டிங் கதை சொல்வார்.

உன் மேலாளர் பத்து மடங்கு வேலை செய்கிற ஆள் வேண்டும் என்கிறாரா? அந்தப் பேச்சின் வேர்களில் ஒன்று 1968இல் 12 நிரலாளர்களை வைத்து நடந்த சோதனை. பிழை தேடுவதில் 28 மடங்கு வித்தியாசம் என்று வந்தது. கணினி முன்னால் உட்கார்ந்து நேரடியாகத் தேடியவர்களையும், நிரலைக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருந்தவர்களையும் ஒன்றாகப் போட்டு ஒப்பிட்ட எண் அது என்று பின்னால் காட்டிவிட்டார்கள். அவரிடம் இதைச் சொல்லிச் சண்டை வாங்காதே, தெரிந்துவைத்துக்கொள், அவ்வளவுதான்.

இன்டர்வியூ முடிந்ததும் மற்றவர்களோடு பேசுவதற்கு முன்னால் உன் மதிப்பெண்ணை எழுதிவிடு. சீனியர் ஒருவர் "சுமார்தான்" என்று உதட்டைப் பிதுக்கினால் போதும், நம் கை தானாக ஒரு மார்க் குறைக்கும். மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே ஒரு வரி எழுது. அன்றைக்கு நான் 'பெரிய எண்ணா இருந்தா' என்று அந்த மூன்று வார்த்தையை மட்டும் எழுதியிருந்தால், தாளைப் படித்த வேறு யாராவது என்னைத் திருத்தியிருப்பார்கள்.

நீ எந்தக் கோடைப் படிக்கக் கொடுக்கப்போகிறாய் என்று முடிவு செய்ததும் எனக்கு அனுப்பு. விடையைச் சொல்லாதே. அரை மணி நேரத்தில் என்னால் கண்டுபிடிக்க முடிகிறதா பார்ப்போம். முடியாவிட்டால் வேறு கோட் தேடு, இல்லாவிட்டால் வேறு நண்பனைத் தேடு. அம்மாவை விசாரித்ததாகச் சொல். சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல், கண்ணைக் கசக்க விடாதே.

பிரியமுடன்,
உன் பழைய பக்கத்து நாற்காலிக்காரன்