அம்மாவை உட்காரச் சொல்லாதே

காட்பாடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறாள். அவள் காதில் விழக் கூடாத விஷயம் ஒன்றும் இதில் இருக்கிறது. அதோடு, நான் பாதி சொல்வதற்குள் நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். நிதானமாகப் படி. மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

நீ அனுப்பிய பார்சல் செவ்வாய்க்கிழமை வந்தது. முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கும் சாக்ஸ், இரண்டு ஜோடி. கண்ணு, அதை அம்மா போடக் கூடாது. அது நரம்பு சுருட்டிக்கொண்டு கால் வீங்குகிறவர்களுக்கு. அவர்களுக்குக் கீழே வந்த ரத்தம் மேலே ஏறாது. கொஞ்சம் இறுக்கிக் கொடுத்தால் ஏறும். அம்மாவுக்குக் காலுக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. மேலேயிருந்து ரத்தம் கீழே இறங்குவதே பெரும்பாடு. இறங்குகிற கொஞ்சத்தையும் சாக்ஸ் போட்டு நெரித்தால் தோல் புண்ணாகிவிடும். பிரிக்காமல் பீரோவில் வைத்திருக்கிறேன். திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பார்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அவளிடம், "வலிச்சா நடக்காதேம்மா, உட்காரு" என்று சொன்னாய். பாசத்தில்தான் சொன்னாய், தெரியும். ஆனால் அதற்கப்புறம் இரண்டு நாள் அவள் வாசற்படி தாண்டவில்லை. "பாப்பாவே சொல்லிட்டா" என்கிறாள். இந்தக் கடிதமே முக்கியமாக அதற்காகத்தான். அவளை உட்காரச் சொல்லாதே.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். பௌர்ணமி தவறாமல் திருவண்ணாமலை போய் 14 கிலோமீட்டரும் வெறுங்காலோடு சுற்றிவிட்டு, மறுநாள் காலை வந்து தோசைக்கு அரைத்தவள் உன் அம்மா. இரண்டு வருஷத்துக்கு முன்பு எம லிங்கம் தாண்டுவதற்குள் உட்கார்ந்துவிட்டாள். இடது கெண்டைக்காலை யாரோ ஈரத்துணி மாதிரிப் பிழிகிறார்கள் என்றாள். இரண்டு நிமிஷம் உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது. எழுந்து நடந்தாள். அதே தூரம் போனதும் அதே வலி.

31 வருஷம் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்து கொடுத்தவன் நான். மூட்டு வலிதான் என்று முடிவுகட்டி, எட்டு மாதம் அவளுக்கு டைக்ளோஃபெனாக்கும் பி காம்ப்ளெக்ஸும் கொடுத்தேன். மூட்டு வலி உட்கார்ந்து எழும்போது வரும், நின்றாலும் வலிக்கும். குறிப்பிட்ட தூரம் நடந்ததும் வந்து, நின்றால் விட்டுப் போகிற வலி ரத்த ஓட்டக் குறைவின் வலி. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. நேதாஜி மார்க்கெட்டில் கடைக்குக் கடை நின்று, வாங்கப் போகாத முள்ளுக் கத்தரிக்காயை விலை கேட்டுக்கொண்டிருந்தாள். கால் வலிக்கு நிற்கிறாள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பதினெட்டு வருஷமாகச் சர்க்கரை இருக்கிற மனைவியின் பாதத்தில் ஒரு நாள் கை வைத்து நாடி பார்த்திருந்தால் போதும். அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

கடைசியில் ரத்தக்குழாய் டாக்டரிடம் போனோம். கையில் பிரஷர் பார்க்கிற மாதிரியே கணுக்காலிலும் பட்டை கட்டினார்கள். குழகுழவென்று ஜெல் தடவி, பேனா மாதிரி ஒரு கருவியைப் பாதத்தின் மேல் வைத்தார்கள். வலது காலில் "புஷ், புஷ்" என்று தெளிவாகக் கேட்டது. இடது காலில் தூரத்தில் யாரோ பெருமூச்சு விடுகிற மாதிரி சன்னமாக ஒரு சத்தம். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் 150, இடது கணுக்காலில் 96. கால் அளவைக் கை அளவால் வகுத்தால் 0.64. ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது, 0.9-க்குக் கீழே போனால் அடைப்பு என்று அர்த்தம். சர்க்கரைக்காரர்களுக்குக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து கணுக்கால் அளவு பொய்யாகக் கூடுதலாகக் காட்டுவதும் உண்டு என்று, கால் கட்டைவிரலிலும் தனியாகப் பார்த்தார்கள்.

இப்போது நீ பயப்படுகிற அந்த மாத்திரைக்கு வருகிறேன். சிலோஸ்டசால். ஜப்பானில் 1988-லும் அமெரிக்காவில் 1999-லும் அனுமதி கிடைத்த மருந்து. புதுசாக வந்த எதையோ அம்மாவிடம் சோதித்துப் பார்க்கவில்லை. ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை அது குறைக்கிறது. ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள தசையைத் தளர்த்துகிறது. குழாய் கொஞ்சம் விரிந்து கொடுக்கும், அவ்வளவுதான். அடைப்பைக் கரைக்காது. எதிர்வீட்டுக்காரர், "அந்த மாத்திரை போட்டா அடைப்பு கரைஞ்சுடும்" என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறார். அவரிடம் நான் சண்டைக்குப் போகவில்லை. அம்மாவிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். ஆய்வுகளில் இதைச் சாப்பிட்டவர்கள் வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களைவிடச் சராசரியாகச் சில பத்து மீட்டர்கள் கூடுதலாக நடந்தார்கள். முன்பு இதே வலிக்குப் பென்டாக்சிஃபைலின் 400 மில்லிகிராம் மூன்று வேளை எழுதுவார்கள். அதன் பலன் இந்த அளவுக்குக்கூட உறுதியாக நிற்கவில்லை.

அதை எழுதுவதற்கு முன்னால் டாக்டர் இதயத்துக்கு எக்கோ எடுக்கச் சொன்னார். காலுக்கு வந்தால் இதயத்தைப் பார்க்கிறார்களே, காசு பிடுங்கவா என்று நீ கேட்டாய். இல்லை பாப்பா. இதயம் பலவீனமாக இருக்கிறவர்களுக்கு, பலவீனம் லேசாக இருந்தாலும்கூட, சிலோஸ்டசால் கொடுக்கவே கூடாது. இதே வகையைச் சேர்ந்த மில்ரினோன் மாத்திரையை இதயம் பலவீனமானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் இறப்பு கூடியது என்று 1991-ல் வந்த ஆய்வு காட்டியது. அந்தப் பாடத்தால் வந்த எச்சரிக்கை இது. அம்மாவுக்கு எக்கோ நன்றாக இருந்தது. அப்புறம்தான் சீட்டில் எழுதினார். இங்கே சிலர் பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைக் காட்டி மெடிக்கலில் இதை வாங்கிச் சாப்பிடுகிறார்கள். கேட்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

முதல் வாரம் அம்மாவுக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. நெஞ்சும் படபடத்தது. "நிறுத்திடுங்கப்பா" என்று நீ சொன்னாய். தலைவலி, படபடப்பு, வயிற்றுப்போக்கு மூன்றும் இந்த மருந்துக்கு உள்ளவைதான். ஆனாலும் அந்த அளவுக்கு வந்தது எனக்குப் பொருந்தவில்லை. அவளுடைய சுருக்குப் பையைத் துழாவினேன். வெற்றிலைக்கும் சில்லறைக்கும் நடுவில் ஒமெப்ரசோல் அட்டை, பாதி காலி. நெஞ்சு எரிகிறது என்று யாரிடமும் சொல்லாமல் தினம் ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறாள். சிலோஸ்டசாலைக் கல்லீரல் கழிக்கிற வழியை ஒமெப்ரசோல் தடுக்கும். மருந்து உடம்பில் தேங்கிவிடும். ரத்தம் கட்டாமல் இருக்க அவள் சாப்பிடும் க்ளோபிடோக்ரலின் வேலையையும் அதே ஒமெப்ரசோல் குறைக்கும். ஒன்றைக் கூட்டி இன்னொன்றைக் குறைத்துக்கொண்டிருந்தது அந்த அட்டை. டாக்டரிடம் எடுத்துப் போய்க் காட்டினேன். நெஞ்செரிச்சலுக்கே வேறு மாத்திரையான பான்டோப்ரசோலுக்கு மாற்றினார். சிலோஸ்டசாலை 50 மில்லிகிராமாகக் குறைத்து, இரண்டு வாரம் கழித்துப் பழையபடி 100 ஆக்கினார். காலை ஒன்று, ராத்திரி ஒன்று. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், வெறும் வயிற்றில். எண்ணெய்ப் பண்டத்தோடு போட்டால் ஒரேயடியாக ரத்தத்தில் ஏறிவிடும். இப்போது தலைவலி இல்லை. நீ ஊருக்கு வரும்போது கைவைத்தியம் என்று எதை வாங்கி வந்தாலும், முதலில் என்னிடம் காட்டு.

க்ளோபிடோக்ரலும் கொழுப்பு மாத்திரையும் நடப்பதற்காகக் கொடுப்பவை அல்ல. காலில் அடைப்பு இருக்கிறவர்களுக்கு இதயத்திலும் மூளையிலும் அடைப்பு வரும் ஆபத்து அதிகம். அவை அதற்கு. கால் வலி குறைந்ததும் சிலர் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள். நம் வீட்டில் அது நடக்காது.

பலூன் வைத்து விரித்துவிடலாமே என்று மாப்பிள்ளை கேட்டார். தேவைப்பட்டால் செய்வோம். நடந்தால் மட்டும் வலி, புண் எதுவும் இல்லை என்ற நிலையில் முதலில் மருந்தும் நடையும் மூன்று மாதம் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. மாத்திரையைவிட நடைதான் தூரத்தை அதிகம் கூட்டுகிறது. வலி வரும்வரை நடக்க வேண்டும், வலி நன்றாகப் பிடித்ததும் நிற்க வேண்டும், விட்டதும் மறுபடி நடக்க வேண்டும். இப்படி அரை மணி, முக்கால் மணி. அந்த வலி காலைக் கெடுக்கிற வலி இல்லை. இருக்கிற ரத்தத்தை வைத்துக்கொண்டு வேலை செய்யத் தசை பழகிக்கொள்கிறது.

வேலூர் வெயில் உனக்குத் தெரியும். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பிவிடுகிறோம். தெருவில் கரண்ட் கம்பங்களை எண்ணுவோம். ஆரம்பத்தில் நாலாவது கம்பத்தில் நின்றுவிடுவாள். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க போங்க" என்பாள். நான் எங்கே போவது? நானும் நிற்பேன்.

இனி வெறுங்கால் நடை கிடையாது. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சியும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி போக வேண்டும் என்கிறாள். வெயில் ஏறிய கல் தரையில் கால் வெந்தாலும் அவளுக்குத் தெரியாது. அதனால் விடியற்காலையிலேயே கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு வாங்கிக் கொடுத்தேன். தொழுநோயாளிகள் போடுகிற செருப்பு என்று முதலில் முகத்தைச் சுளித்தாள். உணர்ச்சி போன காலில் புண் ஏன் வருகிறது என்று 1946-ல் வேலூர் வந்த டாக்டர் பால் பிராண்ட் தேடிக் கண்டதையும், அந்த மெத்தென்ற ரப்பர் எத்தனை பேர் காலைக் காப்பாற்றியது என்பதையும் உட்கார வைத்துச் சொன்னேன். இப்போது வீட்டுக்குள்ளும் அதைக் கழற்றுவதில்லை. ராத்திரி நான் டார்ச் அடித்து விரல் இடுக்கெல்லாம் பார்க்கிறேன். வெந்நீரில் கால் வைக்க விடுவதில்லை.

அவள் எதிரில் சொல்ல முடியாதது இதுதான். ஆம்பூர் மாமாவுக்குக் காலை எடுத்ததிலிருந்து, தனக்கும் அதுதான் என்று நினைத்துக்கொண்டு ராத்திரியில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுகிறாள். நடக்கும்போது மட்டும் வலிக்கிறவர்களில் பெரும்பாலோருக்குக் கால் போவதில்லை. சர்க்கரை இருப்பதால் நாம் கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மாமாவுக்குப் புண் வந்து, விரல் கறுத்து, தூக்கத்தில் வலி தாங்காமல் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டிருந்த பிறகும் பல நாள் தள்ளிப் போட்டார்கள். அப்படி எதுவும் தெரிந்தாலோ, கால் திடீரென்று வெளுத்துச் சில்லிட்டாலோ, நான் ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்திருக்க மாட்டேன். இது நீ என்னை நம்ப வேண்டிய இடம். நீ போனில் அழுதால், டாக்டர் நம்மிடம் ஏதோ சொல்லியிருக்கிறார், நாம்தான் மறைக்கிறோம் என்று அவள் நினைத்துக்கொள்கிறாள்.

உனக்கும் பிரசவத்தின்போது சுகர் வந்தது. ஆறிப்போனது என்று விட்டுவிடாதே. இந்த மாதமே மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டுகிற ஹெச்.பி.ஏ.1.சி. பார்த்து, ரிசல்ட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

இனிமேல் போன் பேசும்போது "வலிக்குதாம்மா" என்று கேட்காதே. "இன்னிக்கு எத்தனை கம்பம்?" என்று கேள். இன்று காலை பதினொன்று. பன்னிரண்டாவது கம்பம் பால் பூத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த வாரத்திலிருந்து பாலைத் தானே வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா