எங்களிடம் காட்டாமல் ரெஃப்செட்டில் கை வைக்காதீர்கள்

எங்கள் மருத்துவமனைக்கு டெர்மினாலஜி மென்பொருள் தரும் நிறுவனத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

ஸ்னோமெட் சிடி என்பது நோய்களையும் மருத்துவச் சொற்களையும் எண்ணால் குறிக்கும் முறை; அந்த எண் குறியீட்டைத்தான் கோடு என்கிறோம். போன முறை அதன் புதுப் பதிப்பை, அதாவது ரிலீஸை, ஏற்றிய பிறகு, சர்க்கரை நோயாளிகளின் கால் பரிசோதனைப் பட்டியலுக்கு என்ன ஆனது என்பது உங்களுக்குத் தெரியும். புகார் டிக்கெட் போட்டோம். மென்பொருள் சரியாகத்தான் இயங்குகிறது என்று எழுதி மூடிவிட்டீர்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

அந்தப் பட்டியலை எடுக்க உதவும் ரெஃப்செட்டை, அதாவது ஒரு வேலைக்கென்று தேர்ந்தெடுத்த கோடுகளின் தொகுப்பை, எங்கள் மருத்துவர்களும் பதிவேட்டுப் பிரிவும் சேர்ந்து உட்கார்ந்து உருவாக்கினோம். 73211009 என்ற சர்க்கரை நோய்க் கோடையும் அதன் கீழ் வரும் எல்லாவற்றையும் எடு என்று ஸ்னோமெட்டின் தேடல் மொழியான இசிஎல்லில் ஒரு வரி எழுதினால் முடிந்துவிடும் வேலை இல்லை இது. கால் புண், நரம்புப் பாதிப்பு, ரத்த ஓட்டக் குறைவு என ஒவ்வொரு கோடாகப் பார்த்து, எது வேண்டும், எது வேண்டாம் என்று விவாதித்துச் சேர்த்தது. இந்த ரெஃப்செட்டில் உள்ள கோடு யாருடைய பதிவில் இருக்கிறதோ, அவரைப் போனில் கூப்பிட்டுப் பரிசோதனைக்கு வரச் சொல்வோம்.

புது ரிலீஸில் அவற்றில் சில கோடுகள் இன்ஆக்டிவ் ஆயின, அதாவது இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று குறிக்கப்பட்டன. அது நடப்பதுதான், மருத்துவ அறிவு மாறும்போது கோடுகளும் மாறும். உங்கள் மென்பொருள் அவற்றை ரெஃப்செட்டிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. ஒரு எச்சரிக்கை இல்லை, ஒரு மெயில் இல்லை. ஆனால் நோயாளிகளின் பழைய பதிவுகளில் அதே பழைய கோடுதானே இருக்கிறது? தேடல் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. பட்டியலில் அவர்கள் பெயர் வரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை. ஒரு பெரியவரின் மகள், புண் ஆழமான பிறகு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து, "எப்பவும் கூப்பிடுவீங்களே, இந்தத் தடவை ஏன் கூப்பிடலை?" என்று கேட்டபோதுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. காலில் உணர்ச்சி இல்லாதவருக்குப் புண் வந்தாலும் வலிக்காது. பரிசோதனைக்கு வந்தால்தான் தெரியும். அதற்காகத்தான் அந்தப் பட்டியலே.

வாக்காளர் பட்டியலில் பெயர் நீக்கக்கூட வரைவுப் பட்டியல் வெளியிட்டு ஆட்சேபம் கேட்கிறார்கள். ஒரு நோயாளியைக் கண்காணிப்பிலிருந்து விலக்கும் மாற்றத்துக்கு அந்த அளவு முறைகூட வேண்டாமா?

இது தொழில்நுட்பத்தால் முடியாத காரியம் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ரிலீஸ் கோப்புகள் வரும் ஆர்எஃப்2 வடிவத்தின் முழுக் கோப்பில் எந்த வரியும் அழிக்கப்படுவதில்லை. மாற்றம் வந்தால் புதுத் தேதியோடு இன்னொரு வரி சேரும், அவ்வளவுதான். ஒரு கோடு இன்ஆக்டிவ் ஆனால், அதற்குப் பதில் எது என்ற தொடர்பும் பெரும்பாலும் அதே ரிலீஸில் இருக்கிறது. இதுவும் அதுவும் ஒன்று, இதற்கு மாற்று அது, ஒருவேளை இவற்றில் ஒன்றாக இருக்கலாம் என்று தொடர்பின் வகைகூடக் குறிக்கப்பட்டிருக்கிறது. பழைய கோடுகளையும் சேர்த்துத் தேடும் வசதி இசிஎல்லிலேயே மூன்று அளவுகளில் வந்துவிட்டது. தரம் வகுத்தவர்கள் இவ்வளவு கவனமாகச் சேர்த்து வைத்த வரலாற்றை உங்கள் மென்பொருள் படிக்காமலேயே தூக்கிப் போடுகிறது.

அதற்காக, தானாகவே புதுக் கோடைப் போட்டுவிடுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. ஒருவேளை இவற்றில் ஒன்று என்று மூன்று கோடுகள் நின்றால், எது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இன்னொன்று, மருத்துவர் நோயைப் பதிவு செய்யும்போது வரும் டிராப்டவுனில் இன்ஆக்டிவ் கோடு இருக்கக்கூடாது. பழைய பதிவுகளைத் தேடும்போது அது கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே பட்டியலை வைத்ததுதான் கோளாறின் வேர்.

எனவே முக்கியமாகக் கேட்பது இதுதான்: எந்த ரிலீஸை ஏற்றினாலும், எங்கள் ரெஃப்செட்டில் என்ன மாறுகிறது என்பதை முதலில் எங்களிடம் காட்டுங்கள். நாங்கள் பார்த்துச் சரி என்ற பிறகு வெளியிடுங்கள்.

எக்செல்லில் இறக்கி நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று உங்கள் உதவிப் பிரிவில் சொன்னார்கள். ஸ்னோமெட் கோடு 18 இலக்கம் வரை போகலாம். எக்செல் எண்ணாகப் படித்தால் 15 இலக்கத்துக்கு மேல் பூஜ்ஜியம் ஆக்கிவிடும். ஒவ்வொரு நாடும் தனக்கெனச் சேர்க்கும் விரிவாக்கங்களில் வரும் நீளமான கோடுகள் அப்படியே சிதையும். கோடின் கடைசி இலக்கம் இந்த மாதிரிப் பிழையைப் பிடிப்பதற்காகவே வைத்த சரிபார்ப்பு இலக்கம். திரும்ப ஏற்றும்போது அதையாவது உங்கள் மென்பொருள் சோதிக்கிறதா என்றால், அதுவும் இல்லை.

உங்களை மட்டும் சொல்லியும் பயனில்லை. மருத்துவமனை மென்பொருளை வாங்குவது ஒருவர், அதோடு தினமும் மல்லுக்கட்டுவது இன்னொருவர். டெமோவில் வண்ண வண்ண டாஷ்போர்டு காட்டுவார்கள். ரிலீஸ் மாறினால் ரெஃப்செட் என்னாகும் என்று கேட்க அந்த அறையில் எங்களில் ஒருவர்கூட இருப்பதில்லை. 2014 முதல் இந்தியா ஸ்னோமெட் உறுப்பு நாடு. 2016ஆம் ஆண்டின் மின்னணு மருத்துவப் பதிவுத் தரநிலைகளிலும் ஸ்னோமெட் இருக்கிறது. ஆனால் ரெஃப்செட்டைப் பராமரிக்க ஓர் ஆளை நியமிக்க வேண்டும் என்றால் எங்கள் நிர்வாகமும் யோசிக்கிறது. அது எங்கள் வீட்டுப் பிரச்சினை, அவர்களிடம் தனியாகப் பேசிக்கொள்கிறோம்.

உங்களிடம் கேட்பதற்கு வருகிறேன். முன்பு சர்வதேச ரிலீஸ் ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரண்டு முறைதான் வரும். 2022 முதல் மாதாமாதம் வருகிறது. ஒவ்வொரு மாதமும் இதே ஆபத்து இருக்கிறது. எனவே மாற்றங்களை முன்கூட்டியே காட்டும் வசதி வரும் வரை, எங்கள் சர்வரில் தானாக அப்டேட் ஆவதை நிறுத்தி வையுங்கள். போன முறை நீக்கப்பட்ட கோடுகளின் முழுப் பட்டியலையும் அனுப்புங்கள். விடுபட்ட நோயாளிகளை நாங்கள் இன்னும் ஒவ்வொரு பதிவாகத் திறந்துதான் தேடிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பட்டியல் கிடைத்தால் அவர்களை உடனே கூப்பிட்டுவிடலாம். தயவுசெய்து இந்த வாரமே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு ஊழியர்