வைக்கோலும் நனைந்தால் மாடு எதைத் தின்னும்?

ஐயா,

காவிரி டெல்டாவில் அறுவடை நேரத்து மழையைப் பற்றிய பேச்செல்லாம் நெல்லின் ஈரப்பதத்தோடு நின்றுவிடுகிறது. அரசுக் கொள்முதலுக்கான 17 சதவீத ஈரப்பத வரம்பைத் தளர்த்தக் கோருவது நியாயமே. ஆனால் 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் பெய்ததைப் போன்ற மழை, சாய்ந்த சம்பாக் கதிரை வயலிலேயே முளைக்க வைப்பதோடு, ஓராண்டுக்கான மாட்டுத் தீவனத்தையும் சேர்த்தே அழித்துவிடுகிறது. டயர் வைத்த அறுவடை இயந்திரம் இறங்க முடியாத சேற்றில், கூடுதல் வாடகைக்குப் பெல்ட் வைத்த இயந்திரத்தை விட்டு அறுத்தால், நெல்லாவது ஓரளவு தேறும். வைக்கோல் சேற்றோடு மிதிபட்டுக் கறுத்துப் பூசணம் பிடித்துவிடும். எங்கள் வீட்டுப் பசு அதை ஒருமுறை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நாள்கணக்கில் ஈரத் தரையில் நிற்கும் மாடுகளுக்குக் குளம்பு அழுகலும் மடிநோயும் வருகின்றன. மழைக்குப்பின் தழைக்கும் இளம்புல்லை அளவின்றி மேயும் ஆடுகளைத் துள்ளுமாரி நோய் ஒரே இரவில் சாய்த்துவிடுகிறது. பேரிடர் நிவாரண விதிகளின்படி கறவை மாடு இறந்தால் 37,500 ரூபாய் உண்டு. உயிரோடு நின்று, தீவனமின்றிப் பால் வற்றிப்போன மாட்டுக்கு எந்தத் தொகையும் இல்லை. (இறந்ததற்கும் உடற்கூறாய்வுச் சான்று பெற அலைவது தனிக்கதை.)

பயிர்ச்சேதத்தைக் கணக்கெடுக்க வரும் அலுவலர்கள், நிவாரணத்துக்குத் தேவையான 33 சதவீத இழப்பு இருக்கிறதா என்று பார்க்கும் அதே வயலில் வைக்கோல் இழப்பையும் குறித்துக்கொள்ள வேண்டும். வறட்சிக் காலத்தைப் போலவே மழைக்காலத்திலும் மானிய விலையில் உலர்தீவனம் வழங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
திருவாரூர் மாவட்டம்