செலானில் ஓர் எண் மட்டும் போதாது: போக்குவரத்துக் காவல்துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காவல்துறை, போக்குவரத்துத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

வேகக் கேமராவே கூடாது என்று வாதாடும் மடல் அல்ல இது. கேமரா வேண்டும். ‘வேகமாகத்தான் வந்தார்’ என்று ஒரே ஒரு சாட்சி கண்ணால் பார்த்துச் சொல்வதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது, கருவியால் அளந்திருக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவே சொல்கிறது. அப்படியானால் வழக்கின் முழுப் பாரமும் கருவியின் மேல்தான். அது காட்டிய எண்ணோடு, அந்த எண் எப்படிக் கிடைத்தது என்பதையும் செலானில் அச்சிடுங்கள். நாங்கள் கேட்பது அவ்வளவுதான்.

காய்கறிக் கடை எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வாங்க வேண்டும். வேகம் அளக்கும் ரேடாருக்கும் சட்டமுறை எடையளவு விதிகளின்கீழ் சரிபார்ப்பும் முத்திரையும் 2025 ஜூலை 1 முதல் கட்டாயம். அதற்கு முன்பே, 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்ந்த 167ஏ, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்றையும் முன்னறிவிப்புப் பலகையையும் 15 நாளுக்குள் அறிவிப்பையும் கேட்கிறது. காகிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முத்திரை கருவிக்கு; அதை ரோட்டோரம் நிறுத்திவைக்கும் விதத்துக்கு யாரும் முத்திரை குத்துவதில்லை. பிழை புகும் இடம் பெரும்பாலும் அதுதான்.

24.125 ஜிகாஹெர்ட்ஸில் இயங்கும் ரேடாரை எடுத்துக்கொள்வோம். எதிரே வரும் வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண், மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கு 44.7 ஹெர்ட்ஸ் வீதம் கூடும். 60 கி.மீ. வேகம் என்றால் 2,682 ஹெர்ட்ஸ். பள்ளி ஆய்வகத்தில் பார்த்த இசைக்கவைதான் இதற்குச் சோதனைச் சாதனம்: விநாடிக்கு 2,682 முறை அதிரும் கவையைத் தட்டி ரேடாரின் முன் பிடித்தால் திரையில் 60 வர வேண்டும். ஷிஃப்ட் தொடங்கும்போது ஒருமுறை, முடியும்போது ஒருமுறை, இரண்டு நிமிட வேலை. ஒன்றை மறக்கக் கூடாது. கவை சோதிப்பது எண்ணும் பகுதியை மட்டுமே. கருவி அனுப்பும் அலையே விலகியிருந்தால் அது ஆய்வகத்தில்தான் தெரியும்.

அடுத்தது கோணம். வண்டி நேராக ரேடாரை நோக்கி வந்தால்தான் முழு வேகம் பதிவாகும். 10 டிகிரி சாய்ந்தால் 1.5 சதவீதமும், 20 டிகிரி சாய்ந்தால் 6 சதவீதமும் குறைத்துக் காட்டும். ஓரமாக நின்று கையில் பிடிக்கும் ஸ்பீடு கன்னில் இந்தப் பிழை எப்போதும் ஓட்டுநருக்கே சாதகம் என்பதால் சண்டையில்லை. கம்பத்தில் பொருத்திய கேமராவின் கதை வேறு. 22 டிகிரி கோணம் என்று கருவிக்குச் சொல்லிவைத்தால் அது குறைவைத் தானே ஈடுகட்டிக் கொள்ளும். லாரி இடித்தோ, பள்ளம் தோண்டியவர்கள் அசைத்தோ கம்பம் திரும்பி உண்மைக் கோணம் 17 ஆகிவிட்டால், 100 கி.மீ. வேகத்தில் போகிற கார் 103-ஐத் தாண்டிப் பதிவாகும். கம்பம் அசைந்தது கருவிக்குத் தெரியாது. ஆகவே கடைசியாகக் கோணம் சரிபார்த்த தேதியைச் செலானில் போடுங்கள்.

எங்களை அதிகம் உறுத்துவது ரேடார் அனுப்பும் அலைக்கற்றையின் அகலம். 12 டிகிரி அகலமுள்ள கற்றை 100 மீட்டர் தள்ளி 21 மீட்டர் விரிந்திருக்கும். அண்ணா சாலையின் பல தடங்களும் அதற்குள் அடங்கும். அதில் ஒரு பைக்கும் பின்னால் ஒரு பேருந்தும் வந்தால், பெரிய தகட்டுப் பரப்புள்ள பேருந்தின் எதிரொலியே ஓங்கும். எண் பேருந்துடையது, படத்தில் முன்னால் நிற்பது பைக்! சென்னையில் இது இரட்டைச் சிக்கல். 2023 நவம்பர் முதல் காருக்கு 60, இருசக்கர வாகனத்துக்கும் கனரக வாகனத்துக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லாருக்கும் 30 என்று வரம்பு. 55 என்ற ஒரே எண் காருக்குக் குற்றமில்லை, பைக்குக்குக் குற்றம். ரேடாருக்கு வண்டியின் இனம் தெரியாது. படத்தைப் பார்த்து வகை பிரிக்கும் மென்பொருளுக்குத்தான் தெரியும். படத்தில் இரண்டு வண்டிகள் நெருங்கி இருந்தால் செலான் போகும் முன் ஒரு மனிதர் பார்த்தாக வேண்டும். சந்தேகம் என்றால் விட்டுவிடுங்கள். இரும்பு மேம்பாலம், தகரக் கொட்டகை, நிறுத்திவைத்த லாரி இவற்றுக்கு நேரே கருவியை வைக்காமலிருப்பதும் நல்லது, அலை அங்கே பட்டுத் தெறித்து வேறு வண்டியின் வேகத்தைக் கொண்டுவரும்.

வண்டிக்குள்ள தூரம் மாறுவதை ஒளியால் அளந்து வேகம் சொல்லும் லேசர் கன்னின் ஒளிக்கற்றை மெல்லியது, 100 மீட்டரில் ஒரு சாண் இரண்டு சாண் அளவுதான். ஆனால் கை நடுங்கக் கூடாது. அளக்கும் 0.3 விநாடிக்குள் குறி முன்பக்கக் கண்ணாடியிலிருந்து நம்பர் பிளேட்டுக்கு ஒன்றரை மீட்டர் வழுக்கினால் 18 கி.மீ. வரை பிசகும். இதைக் கண்டுபிடித்து ‘பிழை’ என்று காட்டும் வசதி நல்ல கருவிகளில் உண்டு. அப்படிக் காட்டினால் மறுபடி அளப்பதுதான் முறை. முக்காலியில் பொருத்தினால் பாதிப் பிரச்சினை தீரும்.

இவ்வளவுக்கும் மலிவான மருந்து ஒன்று இருக்கிறது: பெயின்ட். கேமரா முன் தரையில் இரண்டு மீட்டருக்கு ஒரு வெள்ளைக்கோடு போட்டு, அரை விநாடி இடைவெளியில் இரண்டு படம் எடுங்கள். 60-இல் போகும் வண்டி அதற்குள் 8.3 மீட்டர் நகர்ந்திருக்கும், 72-இல் போவது சரியாக 10 மீட்டர். ரேடார் 72 என்கிறது, கோட்டை எண்ணினால் நான்கே கடந்திருக்கிறது என்றால் அந்தச் செலானைக் கிழித்துவிடலாம். பிரிட்டனில் கேட்ஸோ என்ற வகை வேகக் கேமராக்களின் முன் தரையில் கோடு போட்டிருப்பது இந்தக் கணக்குக்காகத்தான்.

கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற நீண்ட சாலைகளில் ஒற்றைக் கேமராவால் பெரிய பயனில்லை; பலகையைக் கண்டதும் பிரேக், தாண்டியதும் ஆக்ஸிலேட்டர். அங்கே இரண்டு இடங்களில் நம்பர் பிளேட்டைப் படித்துச் சராசரி வேகம் கணக்கிடுவதே சரி. தூரத்தை வளைவின் உள்ளோரமாக, ஆகக் குறுகிய வழியில் அளக்க வேண்டும். இரு கேமராக் கடிகாரங்களும் ஜி.பி.எஸ். நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும். 60-இல் போகும் வண்டிக்கு ஒரு கிலோமீட்டர் தொலைவில் ஒரு விநாடி பிசகினால் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் பிழை, 10 கிலோமீட்டரில் அது பத்தில் ஒரு பங்கு.

கருவியின் தொடர் எண், முத்திரைத் தேதி, கோணம் சரிபார்த்த நாள், எந்தத் தடம், எந்த வாகன வகையாகக் கணக்கிட்டது: செலானில் இந்த ஐந்தும் வேண்டும். இரண்டாவது படத்தையும் அதோடு இணையுங்கள், கோடுகள் தெரியும்படி.

இப்படிக்கு,
வேக அளவைக் கருவிகளோடு பழகும் பொறியாளர்கள் சிலர்